ஆயிரம் பாட்டின் எடை

எடை அளவைத் துறையின் அந்த அலுவலகத்தில் கார் ஓட்டியவரைக் கியர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. பத்தொன்பது வருடம் ஒரே காரை ஓட்டியதில், நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதும் அவருடைய இடது கை தன்பாட்டுக்கு முன்னும் பின்னும் போய்வரும். "அண்ணன் இப்ப மூணாவதுல போறார்" என்று யாரோ ஒருநாள் சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் வருத்தம் இல்லை. அதே அலுவலகத்தில் 'ஸ்டாம்ப் பேடு' என்று பெயர் வாங்கினவரும் இருந்தார்.

ஒரு கிலோ என்று விற்பது ஒரு கிலோதானா என்று பார்ப்பது துறையின் வேலை. கடைத் தராசுகள், பெட்ரோல் பங்குகள், துணிக்கடை மீட்டர் கோல்கள் எல்லாம் அதற்குள் வரும். செவ்வாய்க்கிழமை தோறும் எல்லையில் உள்ள சோதனைச் சாவடிக்குப் போய், லாரிகளை எடை போடும் மேடை சரியாக இருக்கிறதா என்று ஆய்வாளர் பார்க்க வேண்டும். போக நூற்று நாற்பது கிலோமீட்டர், வர நூற்று நாற்பது. சாலை ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த மாதிரி இருக்கும். வளைவு இல்லை, மேடு இல்லை, ஓட்டுகிறவனுக்குச் செய்ய வேலை இல்லை.

ஆய்வாளர் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தும் சத்தத்துக்கும் முதல் குறட்டைக்கும் நடுவே ஒரு நிமிடம் போனால் அதிகம். தூக்கமும் கொட்டாவியும் தொற்றுநோய்கள். காரில் இருந்த டேப் ரிக்கார்டர் ஆறு வருடத்துக்கு முன்பு விழுங்கிய கேசட்டை இன்னும் துப்பவில்லை. செல்போனில் பாட்டு வைக்கலாம் என்றால், வண்டியில் ஏறியதும் ஓட்டுநர் செல்போனைப் பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை இருந்தது. கியர் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டு ஓட்டினார். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணிக்குக் கிள்ள மறந்துவிட்டார்.

கண் விழித்தபோது கார் ஒரு சூரியகாந்தித் தோட்டத்துக்குள் நின்றது. கண்ணாடி முழுக்க மஞ்சள். காருக்கும் கீறல் இல்லை, ஆளுக்கும் காயம் இல்லை. ஐம்பதடி தள்ளியிருந்தால் சிமெண்டுக் கம்பம்.

பின் சீட்டில் ஆய்வாளர் கண்ணைத் திறந்து, "வந்துட்டோமா?" என்றார்.

"வந்துட்டோம் சார். ஆனா ரோட்ட விட்டு வந்துட்டோம்."

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி சிரிக்கவில்லை. அவள் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ்.

"எங்க வார்டுல காலத் தூக்கிக் கட்டிக்கிட்டுக் கிடக்கறவங்கள்ல பாதிப் பேரு 'ஒரு செகண்டுதான் சிஸ்டர் கண்ணசந்தேன்'னு சொன்னவங்கதான். மீதிப் பேரு அவங்க வண்டி முன்னாடி வந்தவங்க. அந்த வண்டில பாட்டு ஒண்ணு வைங்க, இல்ல வேலைய விடுங்க. ரெண்டுல ஒண்ணு."

"வேலைய விட முடியுமா?"

"அப்ப பாட்டு வைங்க. என் தம்பி கடையில தீப்பெட்டி சைஸ்ல ஒண்ணு விக்கறான். சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகினா ஆயிரம் பாட்டுப் பாடுது. எனக்காக ஒண்ணு குடுக்க மாட்டானா?"

மச்சினன் கடை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்தது. சார்ஜர், ஹெட்போன், மெமரி கார்டு, பாட்டுக் கருவி எல்லாம் கொக்கிகளில் மாலை மாலையாகத் தொங்கும். தருவதற்கு அவன் தயார்தான். ஆனால் கியர் எதையும் கேட்டுச் செய்கிற மனிதர். மறுநாள் ஸ்டோர் கீப்பரிடம் போய்க் கேட்டார்.

"கார் யாரோடது?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"ஆபீசோடது."

"கருவி யாரோடது?"

"என்னோடது."

"உங்களோடது எப்படி ஆபீசோடதுக்குள்ள இருக்கும்? பதிவேட்டுல இல்லாத பொருள் வண்டிக்குள்ள இருக்கக் கூடாது. பதிவேட்டுல இருக்கற பொருள் வண்டிய விட்டு வெளிய போகக் கூடாது. என் வேலையே அவ்வளவுதான். மேடத்துக்கு எழுதிக் குடுங்க, ஆபீசே வாங்கட்டும்."

கியர் ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு வரி எழுதினார். நெடுந்தூரம் ஓட்டும்போது தூக்கம் வருகிறது. காரில் பாட்டுக் கேட்க ஒரு சின்னக் கருவி வாங்கித் தரவும்.

அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மா அந்தத் தாளை விரல் நுனியால் பிடித்துப் படித்தார். எந்த ஃபைலிலும் எந்தச் சொல்லால் எவனுக்கு ஆபத்து வரும் என்று மோப்பம் பிடிக்கத் தெரிந்தவர்.

"தூக்கம்னு எழுதியிருக்கீங்க. இத நான் மேல அனுப்பினா, முதல்ல உங்க மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லித்தான் திரும்பி வரும். பாட்டுன்னு எழுதியிருக்கீங்க. ஆபீஸ்ல பாட்டு எதுக்குன்னு கேப்பாங்க. சின்னன்னு எழுதியிருக்கீங்க. சின்னதுக்கெல்லாம் அனுமதி குடுக்க மேல யாரும் இல்ல. குடுங்க, நான் பாத்துக்கறேன்."

மூன்று நாள் கழித்து அந்த இரண்டு வரி பதினொரு பக்கமாகத் திரும்பி வந்தது. 'நெடுந்தொலைவு இயக்கத்தின்போது ஓட்டுநரின் விழிப்புநிலையைத் தொய்வின்றிப் பேணும்பொருட்டு ஊர்தியகத்து எண்ணிம ஒலிபரப்புச் சாதனம் தேர்ந்தெடுத்தல் தொடர்பாக' என்று தலைப்பு. கியர் கடைசிவரை புரட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், இதுல பாட்டு எங்க வருது?" என்றார்.

"இணைப்பு நாலுல."

கையெழுத்துப் போட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். பூதமே வந்து கிணறு வெட்டக் கையெழுத்து வாங்கும் என்று கேள்விப்பட்டதில்லை.

இயக்குநருக்கு அந்த ஃபைல் ரொம்பப் பிடித்துப்போனது. அவர் பொறுப்பேற்ற மூன்று வருடத்தில் அந்த அலுவலகத்துக்குப் புதிதாக வந்தது ஒரு தண்ணீர் டிரம் மட்டும்தான். உடனே தேர்வுக் குழு ஒன்று அமைத்தார். தலைவர் அவர். செயலாளர் கண்காணிப்பாளர் அம்மா. உறுப்பினர்கள் ஸ்டோர் கீப்பரும் ஆய்வாளரும். கியருக்கு 'பயனாளி' என்று ஓர் அட்டை எழுதிக் கடைசி நாற்காலிக்கு முன்னால் வைத்தார்கள்.

முதல் கூட்டத்தில் இயக்குநர் எழுந்து நின்று பேசினார்.

"இந்த ஆபீஸ் தொடங்கித் தொண்ணூறு வருஷமாச்சு. தொண்ணூறு வருஷமா நாம எல்லாத்தையும் அளந்திருக்கோம், நிறுத்திருக்கோம். ஆனா யார் சொன்னதையும், எதையும், நாம கேட்டதே இல்ல! இன்னிக்குத்தான் முதல் முறையா கேக்கறதுக்குன்னு ஒரு பொருள் வாங்கப்போறோம். இது சரித்திரம்."

எல்லோரும் கை தட்டினார்கள். கியரும் தட்டினார்.

"சரி, கடைகள்ல இது என்ன பேர்ல கிடைக்குது?"

"எம்பி த்ரீ பிளேயர் சார்," என்றார் கியர்.

இயக்குநர் முகம் சுருங்கியது. "த்ரீயா? அப்ப ஒண்ணும் ரெண்டும் எங்க?"

யாருக்கும் தெரியவில்லை.

"ஒண்ணு ரெண்டு இருக்கும்போது நேரா மூணுக்குப் போனா நாளைக்குத் தணிக்கையில என்ன பதில் சொல்றது? சீனியாரிட்டி இல்லயா? ஒரு கிளார்க்கயே அப்படி மேல தூக்கிப் போட முடியாது."

ஒன்றும் இரண்டும் ஏன் கிடைப்பதில்லை என்று விளக்கம் கேட்டு மூன்று கடைகளுக்குக் கடிதம் போனது. பதில் வர ஐந்து வாரமானது. அதுவரை சும்மா இருக்க வேண்டாமே என்று, 'எண்ணிம' என்பது சரியா 'இலக்கமுறை' என்பது சரியா என்று இரண்டு கூட்டம் நடந்தது. கடைசியில் எண்ணிம இலக்கமுறை என்று இரண்டையும் போட்டுக்கொள்வதென்று முடிவாகி, பிஸ்கட் கொடுத்தார்கள்.

இடைப்பட்ட செவ்வாய்க்கிழமைகளில் கியர் தொடையைக் கிள்ளியபடியே ஓட்டினார். கிள்ளிய இடம் நீலம் பாரித்துப் போயிருந்தது. மனைவி அதில் தைலம் தடவிக்கொண்டே, "இன்னும் எத்தன மீட்டிங்?" என்பாள்.

ஒன்றும் இரண்டும் வழக்கொழிந்துவிட்டன என்று கடைக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அதை ஓய்வு பெற்றதாகக் குழு எடுத்துக்கொண்டது. பிறகு சோதனைக்காக ஏழு கருவிகள் வரவழைக்கப்பட்டன. ஏழும் மச்சினன் கடையிலிருந்து வந்தவை. மாமாவின் ஆபீசாயிற்றே என்று, கேட்டதும் கழற்றிக் கொடுத்துவிட்டான்.

எடை அளவைத் துறைக்கு ஒரு பொருள் வந்தால் முதலில் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. எடை போட்டார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் தராசு அது. மூச்சு விட்டால் முள் ஆடும். ஆகவே எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் கருவி முப்பத்தொரு கிராம் நானூற்றிரண்டு மில்லிகிராம்.

"இது காலியா இருக்கும்போது," என்றார் இயக்குநர். "பாட்டு ஏத்திட்டு ஒரு தடவை போடுங்க."

மச்சினனே வந்து கம்ப்யூட்டரில் சொருகி ஆயிரம் பாட்டு ஏற்றிக் கொடுத்தான். மீண்டும் தராசில் வைத்தார்கள். முப்பத்தொரு கிராம் நானூற்றிரண்டு மில்லிகிராம்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு மச்சினனைப் பார்த்தார்.

"எத்தன பாட்டு ஏத்தினீங்க?"

"ஆயிரம் சார்."

"ஆயிரம் பாட்டுன்னு சொல்லித்தான் விக்கறீங்க?"

"ஆமா சார். அட்டையிலயே போட்டிருக்கே."

"ஒரு மில்லிகிராம் கூடக் கூடலயே?"

மச்சினன் சிரித்தான். அது அவன் செய்த தப்பு. "பாட்டுக்கு ஏது சார் எடை?"

இயக்குநர் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இருபத்தெட்டு வருஷமா நான் இந்த வேலையில இருக்கேன். எடை குறைச்சு வித்தவன் ஒவ்வொருத்தனும் ஒரு காரணம் சொல்லியிருக்கான். ஈரம் காஞ்சுபோச்சுன்னு சொல்லுவான், எலி தின்னுட்டுதுன்னு சொல்லுவான். பொருளுக்கு எடையே கிடையாதுன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

ஏழு கருவியிலும் ஏற்றிப் பார்த்தார்கள். ஏழாயிரம் பாட்டுக்குக் கூடுதல் எடை பூஜ்யம். மறுநாள் காலை பத்து மணிக்குக் கடைக்குச் சீல் வைத்தார்கள். சீல் வைக்கப் போன ஆய்வாளரையும் அரக்கையும் காரில் ஏற்றிக்கொண்டு போனது கியர்தான்.

மச்சினன் கடை வாசலில் நின்று பூட்டையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தான். "மாமா, நீங்க கேட்டீங்கன்னுதானே குடுத்தேன்?"

"எனக்கு ஒண்ணுமே புரியல மாப்ள."

"உங்க சாருக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டி, தராசுல ஏறி நிக்கச் சொல்லுங்க. பாடறதுக்கு முன்னாடி ஒரு எடை, பாடினதுக்கு அப்புறம் ஒரு எடை!"

"அதெல்லாம் சொல்லாத மாப்ள. நிஜமாவே செஞ்சுடுவாங்க."

வீட்டில் அன்று மனைவி தட்டை வைக்கும் சத்தம் மட்டும் பேசியது. இரண்டு நாள் கழித்து வாயைத் திறந்தாள். "ஊருல இருக்கறவன் பிள்ளையார் பிடிக்கக் குரங்காச்சும்பான். நீங்க குரங்கப் பிடிச்சுட்டு வந்து என் தம்பி கடையில விட்டிருக்கீங்க." மச்சினன் தன் வீட்டில் மிஞ்சியிருந்த சரக்கை ஒரு பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, சைக்கிளில் வீடு வீடாகப் போய் சார்ஜர் விற்றுக்கொண்டிருந்தான்.

அடுத்தது செயல்திறன் சோதனை. காருக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும், ஆனால் கார் ஓடினால் தூசியும் அதிர்வும் முடிவைக் கெடுக்கும் என்று ஸ்டோர் கீப்பர் சொன்னார். ஆகவே ஜாக்கி போட்டுத் தூக்கி, நான்கு சக்கரத்தையும் கழற்றி, அலுவலக முற்றத்தில் செங்கல் மேல் காரை உட்கார வைத்தார்கள். செவ்வாய்க்கிழமைப் பயணம் நின்றது. கியருக்கு அதில் ஒரு நிம்மதி. ஓடாத கார் தோட்டத்துக்குள் போகாது.

கியர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். தூக்கத்துக்கு மூலகாரணமாகக் கருதப்பட்டதால், ஆய்வாளர் பின் சீட்டில் இருப்பது கட்டாயம். வெளியே இயக்குநரும் கண்காணிப்பாளர் அம்மாவும் ஸ்டோர் கீப்பரும் ஸ்டாப் வாட்சோடு ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். கருவி பாடும். ஒரு மணி நேரத்தில் ஓட்டுநர் எத்தனை தடவை தூங்குகிறார் என்று எழுத வேண்டும்.

முதல் கருவிக்குக் கியர் தூங்கவில்லை. மூன்று அதிகாரிகள் கண்ணாடிக்கு வெளியே அரையடியில் நின்று கண்ணையே பார்த்தால் யாருக்குத் தூக்கம் வரும்? இரண்டாவதற்கும் தூங்கவில்லை. ஏழு நாளும் ஏழு கருவிக்கும் பூஜ்யம் என்றே பதிவானது. ஆய்வாளர் மட்டும் ஏழுக்கும் தவறாமல் தூங்கினார். அவர் பயனாளி இல்லையென்பதால் அதை எழுதவில்லை.

"எல்லாமே முதல் மார்க் வாங்கினா எதத் தேர்ந்தெடுக்கறது?" என்று கண்காணிப்பாளர் அம்மா கவலைப்பட்டார்.

"ஒப்பிட்டுப் பாக்க, கருவியே இல்லாம ஒரு நாள் வைங்க," என்றார் இயக்குநர்.

எட்டாம் நாள் கருவி இல்லாமல் கியர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். அன்றும் மூன்று முகங்கள் கண்ணாடியில். அன்றும் தூங்கவில்லை.

அந்த ஒரு மணி நேரம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. அட்டவணையில் எட்டாவது வரிசை சேர்ந்தது. அதற்கு ஒரு பெயர் வேண்டுமே என்று கண்காணிப்பாளர் அம்மா 'கருவியின்மை' என்று எழுதினார். எழுதிய பிறகு எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டியதாயிற்று. ஓட்டுநர் விழிப்பு: முழுமை. எடை: பூஜ்யம், அறிவித்த எடையோடு துல்லியமாகப் பொருந்துகிறது. ஒயர்: தேவையில்லை. பழுது வாய்ப்பு: இல்லை. இரைச்சல்: இல்லை. மற்ற ஏழும் எண்பதைத் தாண்டவில்லை. கருவியின்மை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியது. இரண்டு மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம், அதற்கு உத்தரவாத அட்டை இல்லை.

இறுதிக் கூட்டத்தில் முடிவை அறிவித்தபோது, கியர் முதல் முறையாகக் கையைத் தூக்கினார்.

"சார், அப்ப கார்ல என்ன இருக்கும்?"

"கருவியின்மை இருக்கும்."

"இத்தன நாளா அதுதானே சார் இருந்துச்சு?"

இயக்குநர் பரிவோடு அவரைப் பார்த்தார். "இத்தன நாளா இருந்தது தேர்ந்தெடுக்கப்படாத கருவியின்மை. யார் வேணா வெச்சிருக்கலாம். இது ஏழு கருவியோட போட்டி போட்டு ஜெயிச்சு வந்தது. வித்தியாசம் உங்களுக்குப் போகப் போகத் தெரியும்."

திறப்பு விழா நடந்தது. காரைக் கழுவி, சக்கரங்களை மாட்டி, டாஷ்போர்டில் சிகரெட் லைட்டர் ஓட்டைக்கு மேல் ஒரு சிவப்பு ரிப்பன் ஒட்டினார்கள். இயக்குநர் கத்தரித்தார். அரை நிமிடம் எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். "என்ன தெளிவு!" என்றார் ஸ்டோர் கீப்பர்.

இயக்குநர் பேசினார். "இந்தத் தேர்வு நடந்த நாலு மாசமும் நம்ம முழுக் கவனமும் இதுலதான் இருந்துச்சு. கார் செங்கல் மேல ஏறினதுலேருந்து ஒரு கடைக்கும் போகல, சாவடிக்கும் போகல. ஆனா பாருங்க, அந்த நாள்லேருந்து எடை குறைஞ்சதா ஒரு கேஸ் கூடப் பதிவாகல! நாம போகும்போதெல்லாம் தப்பு நடக்குது, போகாட்டி நடக்க மாட்டேங்குது. இதிலேருந்து நாம கத்துக்க வேண்டியது நிறைய இருக்கு."

'பெற்றுக்கொண்டேன்: கருவியின்மை, எண்ணிக்கை ஒன்று, நல்ல நிலையில்' என்ற இடத்தில் கியர் கையெழுத்துப் போட்டார். ஸ்டோர் கீப்பர் அதைப் பதிவேட்டில் ஜாக்கிக்கும் ஸ்பேர் டயருக்கும் கீழே ஏற்றிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, தொண்ணூறாவது கிலோமீட்டரில், கியர் கண்ணைத் திறந்தபோது எதிரே ஒரு லாரியின் முகப்பு கண்ணாடி முழுக்க நிறைந்திருந்தது. லாரிக்காரன் ஹாரனை அமுக்கியபடியே பக்கவாட்டில் ஒடித்துத் தாண்டிப் போனான். காருக்கும் லாரிக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்தான் இருந்திருக்கும். கியர் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கினார். சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். பாட்டிலில் இருந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். காருக்குள் குறட்டை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. தான் போனால் அந்த மனிதரும் தூக்கத்திலேயே கூட வந்திருப்பார் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல டீ கேட்டார். ஆனால் குடிக்கும்போது இடது கை கியர் போடாமல் மடியிலேயே கிடந்ததை மனைவி பார்த்துவிட்டாள். நர்ஸிடம் எதை மறைக்க முடியும்? எல்லாவற்றையும் கேட்டு வாங்கினாள். செருப்பை மாட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, ஒரு கருவியை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"இத மாட்டுங்க. மெமோ வந்தா வரட்டும், வேலை போனாலும் போகட்டும். நீங்களே போய்ட்டா நான் யாரோட சண்ட போடறது?"

"உன் தம்பி குடுத்தானா?"

"திட்டிக்கிட்டே குடுத்தான். தூங்காம ஓட்டச் சொன்னான்."

கியர் மாட்டினார். பத்தொன்பது வருடத்தில் கேட்காமல் செய்த முதல் காரியம் அது. இரண்டு செவ்வாய்க்கிழமை எந்த வம்பும் இல்லாமல் போனது. அந்த இரண்டு வாரமும் ஆய்வாளர் விடுப்பில் இருந்ததால், சாவடிக்குத் தராசுக் கற்களை மட்டும் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார். வழியெல்லாம் பாடிக்கொண்டே போனார். அவருக்கும் கருவிக்கும் சுருதி சேரவில்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை.

மூன்றாம் வாரம் ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு வந்தது. ஸ்டோர் கீப்பர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தார்.

"ஜாக்கி ஒண்ணு. இருக்கு. ஸ்பேர் டயர் ஒண்ணு. இருக்கு. கருவியின்மை ஒண்ணு." டாஷ்போர்டுக்குள் குனிந்தார். அங்கே கருவி நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஸ்டோர் கீப்பர் நிமிர்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"கருவியின்மை எங்க?"

"காணோம் சார்," என்றார் கியர்.

"காணோமா? நல்ல நிலையில வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க!"

"போன மாசம் வரைக்கும் இருந்துச்சு சார்."

அரசுச் சொத்தைத் தொலைத்ததற்காக விசாரணை. விடுப்பில் இருந்த ஆய்வாளரைத் தவிர அதே குழு, அதே மேசை. கியருக்கு முன்னால் இப்போது 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்று அட்டை. பயந்துதான் போனார். காலையில் மனைவி, "உண்மையச் சொல்லுங்க. ஆனா அவங்க பாஷையில சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

இயக்குநரின் குரல் தழுதழுத்தது. "தொண்ணூறு வருஷத்துல இந்த ஆபீஸ்ல தராசு தொலைஞ்சிருக்கு, எடைக்கல் தொலைஞ்சிருக்கு, ஒரு தடவ பீரோவே தொலைஞ்சிருக்கு. ஆனா ஒரு இன்மை கூடத் தொலைஞ்சதில்ல. நாலு மாசம் பாடுபட்டுத் தேர்ந்தெடுத்தோம். எங்க போச்சு?"

"வண்டி முழுக்கத் தேடிட்டேன் சார். சீட்டுக்கு அடியிலயும் பாத்தேன். எங்கயும் இல்ல."

"அது இருந்த இடத்துல இப்ப என்ன இருக்கு?"

"என்னோட கருவி ஒண்ணு இருக்கு சார். அது வந்ததுலேருந்துதான் இதக் காணோம்."

கண்காணிப்பாளர் அம்மா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "விதி நாப்பத்தி ஒண்ணு. ஊழியர் தொலைச்ச பொருளுக்கு ஈடா அதே மாதிரி இன்னொண்ண அவரே வாங்கித் தரணும். தந்தா அது ஆபீஸ் சொத்தா பதிவேட்டுல ஏறும்."

"அப்ப இன்னொரு கருவியின்மை வாங்கிக் குடுத்துடுங்க," என்றார் இயக்குநர்.

கியர் கைகளைக் கட்டிக்கொண்டார். மனைவி சொன்ன பாஷை அந்த நிமிடம் அவர் வாயில் தானாக வந்தது.

"கடை கடையா கேட்டேன் சார். அந்த மாடல் இப்ப வர்றதில்லன்னுட்டாங்க."

இயக்குநர் பெருமூச்சு விட்டார். நல்ல பொருள் எதுவும் நிலைப்பதில்லை என்பது அவர் அனுபவம். "ஒண்ணும் ரெண்டும் போன மாதிரி இதுவும் போயிடுச்சா?"

"கிடைக்காத பட்சத்துல," என்று கண்காணிப்பாளர் அம்மா தொடர்ந்து படித்தார், "தரத்துல குறைஞ்சதா இருந்தாலும், அந்த இடத்துல பொருந்தற வேற பொருள ஏத்துக்கலாம்."

மேசையைச் சுற்றி ஒரு துயரமான சம்மதம் பரவியது. கியரின் கருவி தரம் குறைந்த மாற்றுப் பொருளாகப் பதிவேட்டில் ஏறியது. ஏற்றும்போது, அதில் எடையில்லாத ஆயிரம் பாட்டு இருப்பதைக் கண்காணிப்பாளர் அம்மா மோப்பம் பிடித்துவிட்டார். வெளியே இருந்தால் குற்றம், அதுவே ஆபீசுக்குள் இருந்தால் குற்றவாளி யார்? அவசரமாக ஒரு திருத்தம் போட்டார்கள். இனிமேல் பாடல்கள் சரக்காகக் கருதப்படாமல், சரக்கைச் சுற்றிவரும் உறைபோலக் கருதப்படும். உறைக்கு எடை காட்டத் தேவையில்லை. அன்று மாலையே மச்சினன் கடைச் சீல் உடைக்கப்பட்டது. அவன் முதலில் ஒரு கொக்கியில் இருந்த ஸ்பீக்கரை எடுத்துத் தெருவே அதிரும்படி வைத்தான்.

"இந்தத் தண்டனை உங்களுக்கு உறுத்தணும்," என்று இயக்குநர் கியரிடம் சொன்னார். "ஒவ்வொரு தடவ அந்தப் பாட்டுக் கேக்கும்போதும் எதத் தொலைச்சோம்னு நினைச்சுப் பாக்கணும்."

"நினைச்சுப் பாப்பேன் சார்," என்றார் கியர்.

செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் விடுப்பு முடிந்து வந்து ஏறினார். கதவைச் சாத்தினார். கியர் பொத்தானை அமுக்கினார். தாளமும் எக்காளமுமாக ஒரு பாட்டு கிளம்பியது.

"என்னய்யா இது? நிறுத்துங்க!"

"நிறுத்தக் கூடாது சார். ஆபீஸ் சொத்து. பயன்படுத்தாம வெச்சா எனக்கு மெமோ."

ஆய்வாளர் இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார், கைக்குட்டையைக் காதில் அடைத்துக்கொண்டார். அறுபது கிலோமீட்டர் போராடிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். எழுபதாவது கிலோமீட்டரில் சட்டென்று முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"என்னங்க இது?"

"ஆறு சார்."

நீண்ட பாலம். கீழே தண்ணீர் வெயிலில் பளபளத்துக்கொண்டு கரை தெரியாமல் விரிந்திருந்தது. நடுவில் ஒரு படகு, அதில் ஒருவன் நின்றுகொண்டு வலை வீசினான்.

"இது எப்ப வந்துச்சு?"

"நான் வேலையில சேர்றதுக்கு முன்னாடியே இங்கதான் சார் ஓடிக்கிட்டிருக்கு."

ஆய்வாளர் பதினாறு வருடமாக அந்தப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கி, கைக்குட்டையைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, பாலம் முடியும்வரை பார்த்தார். முடிந்த பிறகும் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முன் சீட்டுப் பக்கம் குனிந்தார்.

"திரும்பி வரும்போதும் இதே வழிதானே?"

"வேற வழி இல்ல சார்."

"அப்ப ஒருவேள நான் தூங்கிட்டேன்னா," என்றார் ஆய்வாளர், கொஞ்சம் கூச்சத்தோடு, "இங்க வந்ததும் எழுப்பிவிடுங்க."